சூட்டில் நிற்கும் எஞ்சின்

சென்ற இதழில் பாட்டரியைப் பற்றி நாம் எழுதியதைக் கண்ணுற்ற அன்பர் ஒருவர், ஸ்ரீராமபுரத்திலிருந்து நான்கு பக்கங்களில் கடிதம் விடுத்துள்ளார். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைப் பேணி வருபவர் அவர். அவருடைய வண்டி காலையில் யாதொரு குறையுமின்றி ஓடுகிறதாம். நண்பகல் வெயிலில், சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்தால், முன்னறிகுறி எதுவுமின்றி எஞ்சின் அணைந்துவிடுகிறதாம். சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் பற்றுவதில்லை. வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, தேநீர் அருந்தி, அரைமணி கழித்து மீண்டும் திருகினால், ஒன்றுமே நடவாததுபோல் ஓடத் தொடங்குகிறது. மூன்று முறை பட்டறைக்குச் சென்றிருக்கிறார். முதன்முறை ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினர்; இரண்டாம் முறை பெட்ரோல் பம்பை மாற்றினர்; மூன்றாம் முறை பாட்டரியையும் மாற்றிவிட்டனர். நோய் தீரவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கென ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது. புதிய பாட்டரியும் பழுதோ என்று நம்மை வினவுகிறார்.

பாட்டரியின்மேல் குற்றமில்லை. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அஃது ஒன்றே போதிய சான்று. கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோயை அறுதியிட்டுக் கூறுவது இயலாது. ஆயினும் சூட்டில் நிற்பதும், ஸ்டார்ட்டர் சுற்றியும் பற்றாதிருப்பதும், குளிர்ந்தபின் தானே உயிர்பெறுவதும் ஒருங்கே காணப்படுமாயின், முதல் ஐயம் செல்லவேண்டிய இடம் ஒன்றுண்டு. விரல் பருமனே உள்ள ஒரு சிறு உறுப்பு அது. கிராங்க் சென்சார் என்பது பட்டறைகளில் வழங்கும் பெயர். அதன் துணையாகக் காம் சென்சார் என்று மற்றொன்றும் உண்டு. இவ்விரண்டையும் பற்றியே இத்திங்கள் எழுதக் கருதியுள்ளோம். சென்சார் என்பதனை நூல்களில் ‘உணரி’ என்று மொழிபெயர்த்திருக்கின்றனர். நல்ல சொல்தான், ஆயினும் ஜே.சி. சாலைக் கடையில் போய் ‘ஓர் உணரி கொடுங்கள்’ என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ஆதலின் சென்சார் என்றே எழுதுவோம்.

மோட்டார் வண்டியின் எஞ்சின் நான்கு செயல்களை மாறிமாறிச் செய்கிறது என்பது அன்பர்கள் அறிந்ததே. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் இழுக்கப்படுகின்றன. மேலேறும்போது அக்கலவை அழுத்தப்படுகிறது. அழுத்தம் உச்சத்தை எட்டும் வேளையில் தீப்பொறி எழுந்து கலவை எரிகிறது. எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் மேலேறும்போது புகை வெளியேற்றப்படுகிறது. இந்நான்கும் முடிவதற்குள் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் காம் தண்டோ அதே காலத்தில் ஒரு சுற்றுத்தான் சுற்றுகிறது. இந்த இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அது பயன்படும்.

தீப்பொறி எப்பொழுது எழவேண்டும் என்பதில்தான் எஞ்சினின் உயிரே இருக்கிறது. பிஸ்டன் உச்சியை அடைந்தபிறகு பொறி எழுந்தால் காலம் கடந்துவிடும். ஏனெனில் கலவை எரிந்து முடியவும் சிறிது நேரம் வேண்டும். ஆகவே உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி எழவேண்டும். எஞ்சின் மெல்லச் சுற்றும்போது இம்முன்னேற்றம் ஏறக்குறைய பத்துப் பாகை அளவிலும், விரைந்து சுற்றும்போது முப்பது பாகை அளவிலும் இருக்கும். மிகவும் முந்தினால் எஞ்சின் ‘தட்டும்’. பிந்தினால் இழுவை குன்றும், சூடு மிகும். நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றும் எஞ்சின் ஒரு வினாடியில் 50 முறை சுற்றுகிறது. அப்பொழுது ஒரு பாகை திரும்புவதற்கு ஆகும் நேரம் வினாடியில் 18,000-இல் ஒரு பங்கு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் அவ்வேகத்தில் வினாடிக்கு 100 பொறிகள் எழவேண்டும். ஒவ்வொன்றும் தத்தம் பாகையில் எழவேண்டும்.

முற்காலத்தில் இக்கணக்கை மனிதனே பார்த்துக்கொண்டான். 1908-இல் வெளிவந்த ஃபோர்டு ‘டி’ மாடல் வண்டியில், கைச்சக்கரத்தின் கீழே இடப்புறம் ஒரு நெம்புகோல் இருந்தது. வேகத்திற்கேற்ப ஓட்டுநர் அதனைத் தள்ளியும் இழுத்தும் பொறியின் காலத்தை மாற்றினார். பின்னர் டிஸ்ட்ரிப்யூட்டர் வந்து அப்பொறுப்பை ஏற்றது. அம்பாஸடரும் ஃபியட்டும் ஓட்டிய நம் முதியவர்களுக்கு அது நன்கு பழகிய பொருள். உள்ளே சுழலும் தண்டின் மேடு, ‘பாயிண்ட்’ எனப்படும் இரு சிறு இதழ்களைப் பிரிக்கும். பிரியும் கணத்தில் பொறி பிறக்கும். பாயிண்ட் தேய்ந்தால் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைத் தகட்டால் அளந்து, டிஸ்ட்ரிப்யூட்டரைக் கையால் ஒரு நூலளவு திருப்பி, எஞ்சினின் ஒலியைச் செவியால் கேட்டே சரிசெய்யும் மெக்கானிக்குகள் கலாசிப்பாளையத்தில் இருந்தனர். அக்கலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் உலோகத்தோடு உலோகம் உரசும் எதுவும் நாள்தோறும் தேயும். இன்று சரியாக இருந்த காலம் ஆறு திங்களில் பிசகிவிடும். பிசகிய எஞ்சின் பெட்ரோலையும் வீணாக்கும், நகரின் காற்றையும் நஞ்சாக்கும்.

காற்றைப் பற்றிய சட்டமே பாயிண்டுகளுக்கு விடை கொடுத்தது எனலாம். ஆடுகோடி வழியாகச் செல்லும் அன்பர்களுக்கு ‘மைக்கோ’ என்னும் பெயர் புதிதன்று. 1951-இல் நிறுவப்பெற்ற மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. 2008 முதல் பாஷ் லிமிடெட் என வழங்குகிறது. மைக்கோ லேஅவுட் என்னும் குடியிருப்பு இன்றளவும் அப்பழைய பெயரைத் தாங்கி நிற்கிறது. இதன் தாய் நிறுவனமாகிய ஜெர்மனியின் பாஷ், பெட்ரோல் தெளிப்பதையும் பொறி எழுப்புவதையும் ஒரே கணிப்பெட்டியின்கீழ்க் கொணர்ந்த ‘மோட்ரானிக்’ என்னும் அமைப்பை 1979-இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ என்னும் காரில் பொருத்திற்று. நம் நாட்டுச் சாலைகளுக்கு இம்முறை பரவலாக வர இருபதாண்டுகள் பிடித்தன. 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஆலையிலிருந்து வெளிவந்த ஸான்ட்ரோ போன்ற வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. கணிப்பெட்டியின் ஆணைப்படி பெட்ரோல் தெளிக்கும் முறையே இருந்தது. பெங்களூர் உள்ளிட்ட 13 நகரங்களில் 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நாடு முழுமைக்கும் வந்தது. இன்று விற்பனையாகும் எந்தப் பெட்ரோல் காரிலும் பாயிண்ட் கிடையாது.

இப்பொழுது அச்சிறு உறுப்பின்பால் வருவோம். கணிப்பெட்டிக்குக் கண்ணில்லை. கிராங்க் தண்டு எந்நிலையில் நிற்கிறது, எவ்வேகத்தில் சுழல்கிறது என்பதனை யாரேனும் அதற்குச் சொல்லியாக வேண்டும். அதற்கென்று கிராங்க் தண்டின் முனையிலோ ஃபிளைவீலிலோ பற்கள் வெட்டிய இரும்புச் சக்கரம் ஒன்றைப் பொருத்துகின்றனர். பல வண்டிகளில் இச்சக்கரம் அறுபது பற்களுக்கு இடமுள்ளதாய், ஆனால் இரண்டு பற்கள் வேண்டுமென்றே விடப்பட்டு, ஐம்பத்தெட்டுப் பற்களோடு அமைந்திருக்கும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே ஆறு பாகை. பல்லின் எதிரே, ஒரு மில்லிமீட்டர் அளவான இடைவெளியில், சென்சார் அசையாது அமர்ந்திருக்கும். அதனுள்ளே ஒரு காந்தமும், அதனைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. இரும்புப் பல் அருகே வரும்போதும் அகலும்போதும் காந்தப் புலம் மாறுகிறது. புலம் மாறும்தோறும் சுருளில் மின்சாரம் தோன்றுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மையே இது. சாலையோரத்து மின்நிலையம் முதல் இச்சிறு சென்சார்வரை ஒரே விதிதான் ஆள்கிறது.

ஒவ்வொரு பல்லும் ஒரு துடிப்பை எழுப்புகிறது. கணிப்பெட்டி அத்துடிப்புகளை எண்ணுகிறது. பல் இல்லாத இடம் வரும்போது துடிப்பும் இல்லாமற்போகிறது. ‘ஒரு சுற்று முடிந்தது, இங்கிருந்து புதிதாக எண்ணு’ என்பதே அதன் பொருள். உடைந்த பல் என்று எண்ணிப் புதுச் சக்கரம் வாங்க முற்படுவோரும் உளர்! அவ்விரண்டு பற்கள் இல்லாமையே அச்சக்கரத்தின் சிறப்பு. அவை இருந்திருப்பின் எல்லாப் பற்களும் ஒன்றுபோலிருந்து, எது முதல் எது கடைசி என்பது விளங்காது போயிருக்கும்.

நாம் பணிபுரியும் இரயில்வேயில் இதற்கு நேரான ஒன்றைக் காண்கிறோம். தண்டவாளத்தின் பக்கத்தில் கம்பிச் சுருள்களைப் பொருத்தி, அதனருகே கடக்கும் ஒவ்வொரு சக்கரத்தையும் எண்ணும் கருவி உண்டு; ஆக்ஸில் கவுண்டர் என்பர். ஒரு பகுதிக்குள் எத்தனை அச்சுகள் நுழைந்தன, எத்தனை வெளியேறின என்று எண்ணி, இரண்டும் ஒத்தால்தான் அப்பாதை காலி என்று அது கூறும். ஒன்று குறைந்தாலும் பாதை காலியில்லை என்றே சொல்லும். அடுத்த வண்டிக்குச் சமிக்ஞை விழாது. பயணிகள் சினந்துகொள்வர், ஆயினும் கணக்கில் ஐயம் ஏற்படும்போது நிறுத்துவதே நெறி. எஞ்சினின் கணிப்பெட்டியும் இந்நெறியையே பின்பற்றுகிறது. துடிப்பு வரவில்லையெனின், தண்டு எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. தெரியாமல் பொறி எழுப்புவதைவிட எழுப்பாதிருப்பதே மேல் என்று அடங்கிவிடுகிறது.

நிற்க. கிராங்க் சென்சார் ஒன்றே போதாதோ, காம் சென்சார் எதற்கு என்ற வினா எழலாம். மேலே நாம் நினைவில் வைக்கச் சொன்ன கணக்கு இங்கேதான் வருகிறது. முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியை அடைந்துவிட்டது என்று கிராங்க் சென்சார் கூறிவிடும். ஆனால் இரண்டு சுற்றில் இருமுறை பிஸ்டன் உச்சிக்கு வருகிறது: ஒருமுறை கலவையை அழுத்தி, மற்றொருமுறை புகையைத் தள்ளி. எது எம்முறை என்பது கிராங்க் தண்டைப் பார்த்தால் தெரியாது. கடிகாரத்தில் மணி பத்து என்று மட்டும் கண்டவன், அது காலைப் பத்தா இரவுப் பத்தா என்று அறியாதிருப்பது போன்றதே இது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சுழலும் காம் தண்டைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். காம் சென்சார் பெரும்பாலும் வேறொரு வகையினது. மின்சாரம் ஓடும் தகட்டின் குறுக்கே காந்தப் புலம் நின்றால் தகட்டின் பக்கங்களில் சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று 1879-இல் அமெரிக்காவில் எட்வின் ஹால் என்னும் மாணவர் கண்டார். அவர் பெயராலேயே ஹால் விளைவு என வழங்குகிறது. மெல்லச் சுழலும் பொருளையும் இவ்வகைச் சென்சார் பிழையின்றி அறியும். சுருள்வகைச் சென்சாருக்கு அவ்வாற்றல் குறைவு; வேகம் தணிந்தால் அதன் குரலும் தணிந்துவிடும். ஆகையால் இப்பொழுது பல வண்டிகளில் கிராங்க் தண்டிற்கும் ஹால் வகையையே பொருத்துகின்றனர்.

காம் சென்சார் பழுதானால் பல எஞ்சின்கள் நின்றுவிடுவதில்லை; தொடங்குவதற்குச் சற்று நேரம் பிடிக்கும், இழுவை மந்தப்படும், முகப்பில் எஞ்சின் விளக்கு எரியும். கிராங்க் சென்சார் பழுதானால் பெரும்பாலும் எஞ்சின் உடனே அடங்கிவிடும்.

அன்பரின் பட்டறையில் பெட்ரோல் பம்பை ஏன் மாற்றினர் என்பது இப்பொழுது விளங்கும். சாவியைத் திருப்பியவுடன் பம்பு இரண்டொரு வினாடி ஓடி நின்றுவிடும். எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தி கிராங்க் சென்சாரிடமிருந்து வந்தால்தான் கணிப்பெட்டி அதனைத் தொடர்ந்து ஓடவிடும். விபத்தில் எஞ்சின் நின்றபிறகும் பம்பு பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருந்தால் தீப்பிடிக்குமன்றோ? அதனைத் தவிர்க்கவே இவ்வேற்பாடு. ஆக, சென்சார் வாய்மூடினால் பம்பும் நிற்கும், பொறியும் நிற்கும். மெக்கானிக் பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்க்கிறார், பெட்ரோல் வரவில்லை, பம்பு பழுதென்கிறார். மற்றொருவர் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார், பொறியில்லை, பிளக் பழுதென்கிறார், அல்லது காயில் பழுதென்கிறார். இருவர் கண்டதும் பொய்யன்று. கண்டதற்கு மேலே ஒரு படி சென்று, இவ்விரண்டும் ஒருங்கே நிற்பானேன் என்று வினவாததே குறை. பெட்ரோலும் இல்லை, பொறியும் இல்லை என்றால், அவ்விரண்டிற்கும் பொதுவான இடத்தையே முதலில் பார்க்கவேண்டும். வரிசையாக உறுப்புகளை மாற்றிப் பார்ப்பது சோதனையாகாது. வண்டிக்காரரின் பணத்தில் நடத்தும் சூதாட்டம் என்றே நாம் சொல்வோம்.

பட்டறைக்கு வரும்போது வண்டி நன்றாக ஓடுவதுதான் இந்நோயின் பெருந்தொல்லை. பல்வலிக்காரன் மருத்துவர் வீட்டு வாயிலை மிதித்ததும் வலி நிற்பதுபோல! அதற்கும் காரணமுண்டு. கிராங்க் சென்சார் எஞ்சினின் உடலிலேயே, பல வண்டிகளில் புகைக்குழாய்க்கு அருகிலேயே அமர்ந்துள்ளது. ஆண்டுக்கணக்கில் சூடேறியும் குளிர்ந்தும் உள்ளிருக்கும் செப்புக் கம்பியில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுகிறது. குளிர்ந்திருக்கையில் வெடிப்பின் இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் தடையின்றிப் பாயும். சூடேறிப் பொருள்கள் விரியும்போது முனைகள் பிரியும்; தொடர்பு அறும். ஹால் வகையிலும் உள்ளிருக்கும் மின்னணுச் சில்லு மூப்படைந்தால் இவ்வாறே சூட்டில் சோரும். நெரிசலில் ஊரும் வண்டிக்குக் காற்றோட்டம் இல்லை. ஆகையால்தான் நெடுஞ்சாலையில் ஓடும்போது வாராத நோய் சில்க் போர்டில் வருகிறது. எஞ்சின் நின்ற பின்னர் முதல் சில நிமிடங்களில் சூடு இறங்குவதற்கு மாறாகச் சற்று ஏறவும் செய்யும். ஏனெனில் குளிர்நீரின் ஓட்டமும் நின்றுபோகிறது. உடனே திருகினால் பற்றாமல், அரைமணி கழித்துத் திருகினால் பற்றுவதன் காரணம் இதுவே.

இதனைப் பணச்செலவு பற்றிய செய்தியாக மட்டும் அன்பர்கள் கொள்ளலாகாது. நம்மவர் பலர் பொங்கலுக்கும் ஆடிக்கும் பெண்டுபிள்ளைகளோடு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலத்திற்கும் அதற்கப்பாலும் காரிலேயே செல்கின்றனர். தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே தொப்பூர்க் கணவாய்ச் சரிவில் எத்தனை விபத்துகள் நிகழ்ந்துள்ளன என்பதை நாளிதழ் படிப்போர் அறிவர். பின்னால் சுமை லாரிகள் இறங்கிவரும் அச்சரிவில் எஞ்சின் திடீரென்று அணைந்தால் என்னாகும்? பிரேக்கிற்குத் துணைவலிமை தருவது பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடம். எஞ்சின் நின்றபின் அவ்வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்கே தாங்கும். அதன்பின் மிதி கல்போல் இறுகிவிடும். கைச்சக்கரமும் கனத்துவிடும். பிரேக் செயலற்றுப் போகவில்லை. மிகுந்த வலுவோடு மிதிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே. ஆகையால் ஓடும்போது எஞ்சின் அணைந்தால் பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தல் கூடாது. ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, அபாய விளக்குகளை எரியவிட்டு, இடப்புறம் ஒதுங்கவேண்டும். வண்டி நிற்குமுன் சாவியைப் பின்னுக்குத் திருப்பிக் கழற்றிவிடலாகாது, கைச்சக்கரம் பூட்டிக்கொள்ளும். நகருக்குள் இருமுறை இவ்வாறு நின்ற வண்டியை, நோயறியாமல் ஊருக்கு எடுத்துச் செல்வதை நாம் ஒப்பவே மாட்டோம்.

சோதிக்கும் முறையைக் கூறுவோம். பல வண்டிகளில் முகப்பிலுள்ள சுற்றுமானியின் முள் கிராங்க் சென்சார் தரும் செய்தியைக் கொண்டே அசைகிறது. ஓடும்போது எஞ்சின் அணையும் கணத்தில், கியர் விழுந்த நிலையில் சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, முள் சட்டென்று சுழிக்கு விழுந்தால் ஐயம் வலுப்பெறும். நின்றபின் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போதும் முள் சிறிதும் அசையாதிருந்தால் அதுவும் ஓர் அறிகுறி. எல்லா வண்டிகளிலும் அவ்வளவு குறைந்த வேகத்தை முள் காட்டாது என்பதனையும் மறவற்க.

அடுத்தது ஸ்கேனர். கணிப்பெட்டி தான் கண்ட குறைகளை எண்களாகக் குறித்துவைக்கிறது. 2013 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்பட்ட கார்களில் இக்குறிப்பைப் படிக்கும் வசதி விதிப்படி இருந்தே ஆகவேண்டும். பி 0335 என்று வந்தால் கிராங்க் சென்சாரின் இணைப்புச் சுற்றில் குறை. பி 0340 என்றால் காம் சென்சாரின் சுற்றில் குறை. ‘சுற்றில்’ என்ற சொல்லை அன்பர்கள் ஊன்றி நோக்கவேண்டும். சென்சாரே கெட்டது என்று கணிப்பெட்டி சொல்லவில்லை. அங்கிருந்து செய்தி சரிவர வரவில்லை என்றுதான் சொல்கிறது. கம்பியை எலி கடித்திருக்கலாம். இணைப்பில் எண்ணெய் புகுந்திருக்கலாம். சென்சாரின் காந்தத் தலையில் இரும்புத்தூள் அப்பியிருக்கலாம். திருகு தளர்ந்து இடைவெளி மிகுந்திருக்கலாம். இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடமும் ஒரு துணியும் போதும். பி 0016 என்று வருமாயின் இரு சென்சார்களும் பேசுகின்றன, ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். அப்பொழுது சென்சாரை மாற்றிப் பயனில்லை. டைமிங் செயின் நீண்டுவிட்டதா, பெல்ட் ஒரு பல் தாவிவிட்டதா என்று பார்க்கவேண்டும். சாட்சிகள் இருவர் முரண்பட்டால் சாட்சிகளை மாற்றுவதா வழக்கு?

இரு கம்பியுள்ள சுருள்வகைச் சென்சாராயின் மீட்டரை வைத்து அதன் தடையை அளக்கலாம்; பெரும்பாலும் சில நூறு ஓம் முதல் ஆயிரம் ஓம் அளவில் இருக்கும்; சரியான அளவை அவ்வண்டியின் கையேடு கூறும். குளிர்ந்தபோது அளந்தால் நல்ல விடையே வரும் என்பதனை மேலே கூறியவற்றிலிருந்து அன்பர்கள் ஊகித்திருப்பர். எஞ்சின் நின்ற சூட்டிலேயே அளக்கவேண்டும். அஃது இயலாதபோது, கழற்றிய சென்சாரைச் சூடான காற்றின் முன் பிடித்துக்கொண்டே அளந்து, முள் எல்லையின்றி ஓடுகிறதா என்று தேர்ந்த மெக்கானிக்குகள் பார்ப்பதுண்டு. மூன்று கம்பியுள்ள ஹால் வகையை இவ்வாறு ஓம் அளவில் சோதிக்கலாகாது, சில்லு கெடக்கூடும்.

மெக்கானிக்கிடம் நோயைச் சொல்லும் முறையும் ஒன்றுண்டு. ‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று மட்டும் கூறினால், அவர் முதலில் பாட்டரியைத்தான் பார்ப்பார், அவர்மேல் பிழையில்லை. இந்நகருக்கு வந்து பல்லாண்டுகளாகியும் நம்மவர் சிலர் கன்னடம் பேசத் தயங்கி, சொல்லவேண்டியதைச் சுருக்கிவிடுகின்றனர். ‘காடி பிஸி ஆதாக நிந்து ஹோகுத்தெ, தண்ணகாத மேலெ ஸ்டார்ட் ஆகுத்தெ’ என்று சொல்லுங்கள்: வண்டி சூடானபோது நின்றுவிடுகிறது, ஆறியபின் ஸ்டார்ட் ஆகிறது. நோயின் முழு வரலாறும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிடும். ஸ்டார்ட்டர் சுற்றுகிறதா, முள் விழுகிறதா என்பதனையும் சேர்த்துச் சொன்னால் நல்ல மெக்கானிக்கின் கை நேரே சென்சாருக்கே போகும். எந்த உறுப்பையும் மாற்றுமுன், எந்தச் சோதனையைக் கொண்டு இதனைப் பழுதென்று கண்டீர்கள் என்று பணிவோடு கேட்கவும் தயங்கவேண்டா. மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய சென்சார் வாங்கும்போது வண்டியின் உறுப்பு எண்ணைக் காட்டி வாங்கவேண்டும். ஒரே உருவில் பல உள. சுருளின் தடையும் தலையின் நீளமும் வேறுபடும். அரை மில்லிமீட்டர் குட்டையானாலும் பல்லின் துடிப்பு மங்கிவிடும். பாதி விலைக்குக் கிடைக்கும் போலிச் சரக்கு பெங்களூர்ச் சந்தையிலும் உண்டு. விலையைப் பொறுத்தவரை, நல்ல சென்சாரே பல வண்டிகளுக்குப் பெட்ரோல் பம்பைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஸ்ரீராமபுரத்து அன்பர் கடைசியில் செலவிடவேண்டிய தொகை, அவர் இதுவரை செலவிட்டதில் ஒரு பங்கே ஆகலாம். அவர் வண்டியில் கண்டதை நமக்கு எழுதினால் இப்பகுதியிலேயே வெளியிடுவோம், பிறர்க்கும் பயன்படும்.

இருசக்கர வண்டி வைத்திருப்போர் தமக்கு இதில் ஒன்றுமில்லை என்று கருதவேண்டா. 2020-க்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலைத் தெளிக்கும் முறையே உள்ளது. அவற்றிலும் மாக்னெட்டோவின் அருகே கிராங்க் சென்சார் உண்டு. பட்டறையில் அதனைப் ‘பிக்கப்’ என்பர். ஒரே சிலிண்டர் உள்ள பல வண்டிகளில் காம் சென்சார் இல்லை. பிஸ்டன் கலவையை அழுத்தும்போது தண்டின் வேகம் ஒரு கணம் தளர்கிறது. புகையைத் தள்ளும்போது அவ்வளவு தளர்வதில்லை. அவ்வேறுபாட்டைக் கொண்டோ, காற்றுக்குழாயின் அழுத்தத்தைக் கொண்டோ எந்தச் சுற்று எது என்பதைக் கணிப்பெட்டி அறிந்துகொள்கிறது. மழைநாளில் தேங்கிய நீரில் சென்று நின்றுபோகும் ஸ்கூட்டர்களைப் பற்றியும் இருவர் எழுதியிருக்கின்றனர். அது வேறு நோய்; அடுத்த இதழில் எழுதுவோம்.